வலி அட்டை

தச்சர் ஆரோக்கியஜோசப் வீட்டில் முதல் பட்டதாரி ஆக்சிலியாதான். உளவியல் படித்துவிட்டு, காரைக்காலில் பேச்சு வராத பிள்ளைகளுக்கான பயிற்சி மையம் ஒன்றில் சேர்ந்தாள். அவளிடம் விடப்பட்டவள் அறிவுமதி. ஆறு வயது, பட்டினச்சேரி மீனவக் குப்பம். ஏதாவது வேண்டுமென்றால் தரையில் விழுந்து அலறுவாள்.

"அழுதா திரும்பிப் பாக்காதீங்க. படம் போட்ட அட்டைய எடுத்து நீட்டுனா மட்டும் கடலை மிட்டாய் குடுங்க," என்று குழந்தையின் அம்மாவான அஞ்சுகத்திடம் ஆக்சிலியா சொன்னாள். அட்டைகள் ஐந்து: தண்ணீர், சோறு, மிட்டாய், ஊஞ்சல், கழிப்பறை.

"கல்லு மாதிரி இருக்கச் சொல்றீங்க. இருந்துட்டாப் போச்சு!"

இருந்தாள். ஒவ்வொரு அழுகைக்கும் ஒரு கோடு போட்டு வந்த தாளில், கோடுகள் நாளுக்கு முப்பதிலிருந்து மூன்றாயின. பிறகு ஒரு வாரம் கோடே இல்லை. மையத்தில் கைதட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அஞ்சுகம் மகளை இடுப்பில் தூக்கி வந்தாள். பாதத்தில் பெரிய கட்டு. கரையில் வலை உதறிய இடத்தில் கெளுத்தி மீன் முள் ஏறியிருக்கிறது. மூன்று நாள் கழித்து, சீழ் வைத்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தார்களாம்.

"மூச்சு விடல டீச்சர். நொண்டுனா. வெளாட்டு காட்டுறான்னு நானும் திரும்பிப் பாக்கல."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஆக்சிலியாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மாத அறிக்கைக்காக மையத்தின் பொறுப்பாளர் உமாமகேஸ்வரி கேட்டார். "அழுகை எத்தன?"

"ஒன்னும் இல்லங்க மேடம். ஆனா…"

"கண்ணுக்குத் தெரிஞ்சத எழுது. உள்ள இருக்கறத நாம எண்ண முடியாதும்மா."

ஆக்சிலியா படித்தது அப்படியில்லை. தோலுக்குள் நடப்பதாலேயே வலி இல்லாமல் போவதில்லை. அதுவும் ஒரு நிகழ்வுதான். முட்டி சிராய்த்த குழந்தையைப் பார்த்து 'வலிக்குதா' என்று யாரோ கேட்பதால்தான், உள்ளே நடப்பதற்கு அதன் கையில் ஒரு சொல் கிடைக்கிறது. தேர்வில் இதைப் பிசகில்லாமல் எழுதியிருந்தாள். அட்டை செய்தபோது நினைவு வரவில்லை. அழுகையைப் பிடுங்கிக்கொண்டு அந்த இடத்தில் தான் வைத்தது என்ன?

அன்றே ஆறாவது அட்டை வரைந்தாள்: கட்டுப் போட்ட கால். மற்றவற்றை ஒதுக்கிவிட்டு, கட்டைத் தொட்டு "வலிக்குதா?" என்று கேட்டாள். அட்டையை அறிவுமதியின் கையில் வைத்து, நீட்டச் செய்து வாங்கினாள். கை பழகிய பழக்கத்தில் மிட்டாயையும் கொடுத்துவிட்டாள்.

அறிவுமதி மென்றாள். மென்று முடித்து அட்டையை மறுபடி நீட்டினாள். வாங்கி வைத்ததும், திரும்ப எடுத்து நீட்டினாள்.

"நெசமாவே வலிக்குதா டீச்சர்? இல்ல, மிட்டாய்க்கா?" என்று பக்கத்தில் இருந்த அஞ்சுகம் கேட்டாள்.

ஆக்சிலியா குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அழுதாலாவது தெரியும். அறிவுமதி அழவில்லை, அட்டையை நீட்டியபடியே இருந்தாள்.