செஞ்சிக்கு இங்கிலீஷில் என்ன எழுத்து?

கொரோனாவுக்காக இரண்டாவது தடவை பூட்டின செஞ்சிக்கோட்டையைத் திறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கோட்டை வாசலில் இருந்தவர்கள்: மோர் வண்டியோடு நான், பக்கத்தில் இளநீர் வெட்டுகிற அண்ணன், கேட்டில் காவலுக்கு நிற்கிற தம்பி, திண்டிவனம் பக்கமிருந்து வேனில் வந்த ஆறு பெண்கள், அவங்க டிரைவர். மொத்தம் பத்து பேர். தலையை எண்ணாவிட்டால் எனக்கு மனசு நிற்காது. எத்தனை தலை என்று தெரிந்தால்தானே எத்தனை டம்ளர் மோர் போகும் என்று பயப்பட முடியும்!

அன்றைக்கு ரொம்பவே பயந்துகொண்டிருந்தேன். மாசக்கணக்கில் கோட்டை பூட்டிக் கிடந்தபோது என் வண்டி வீட்டுவாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு கிடந்தது. திறந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தால், கவுண்டரில் காசு வாங்குவதில்லை, டிக்கெட் போனில்தான் என்றார்கள். தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும் காலம், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வருகிற கிராமத்து ஜனம் கேட்டைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது. என் வியாபாரமும் அவர்களோடு வேன் ஏறிப் போனது. அன்று சாயந்திரம் விழுப்புரத்திலிருந்து ஒரு ஆள் வண்டியை விலை பேச வருவதாக இருந்தது. சரி என்று தலையாட்டியிருந்தேன்.

வேனில் வந்த பெண்கள் நடவுக்கும் வேர்க்கடலை பிடுங்கவும் கூலிக்குப் போகிறவர்கள். அவர்களில் மூத்தவர் கேட்டில் விசாரித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எங்ககிட்ட பட்டன் போன்தாம்மா கீது. மல்லாட்டை புடுங்கின காசுல ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வேன் எடுத்தோம். கொரோனான்னு ஞாயித்துக்கிழமை கோயிலும் தெறக்கறதில்ல. கோட்டையாவது பாக்கலாம்னு வந்தா, இது இன்னா பேஜாரு?"

இளநீர் அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "தோ, இந்தம்மாகிட்ட டச் போன் கீதே. போட்டுக் குடும்மா. போனை இன்னா அடைகாக்கவா வச்சிக்கினு கீற?"

அது என் பெண்ணின் ஆன்லைன் கிளாசுக்காக மகளிர் குழுவில் கடன் வாங்கி எடுத்த போன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் என்னிடம் இருந்தது. டிக்கெட் போடும் இடத்தையும், காசு அனுப்புவதையும் அவள்தான் அதில் ஏற்றி வைத்திருந்தாள். நான் தொட்டதில்லை. பேங்கில் கிடந்தது குழுவுக்குக் கட்டவேண்டிய தவணைப் பணம். ஏதாவது தப்பாக அழுத்தி எல்லாம் போய்விட்டால்? நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் எழுத்து தெரியும். சேர்த்துப் படிக்க வராது.

ஆனால் அவங்க வேன் திரும்பினால் என் வண்டியும் போய்விடும். சரி என்றேன்.

கேட்டில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட படத்தைப் போனில் பிடித்தால் எல்லாம் தானாக வரும் என்று காவல் தம்பி சொன்னான். அங்கே டவர் இல்லை. டவர் கிடைக்கிற ரோட்டோரத்தில் அந்தப் படம் இல்லை. வேறு வழி கேட்டால், "நானும் எட்டாவதுதான்க்கா" என்றான்.

ரோட்டோரத்துக்குப் போனோம். போனைத் திறந்தால், எந்த ஊர் என்று கேட்டு இங்கிலீஷில் நீளமாக ஒரு பட்டியல். செஞ்சிக்கு எஸ்தானே? எஸ்ஸில் தேடினேன். இல்லை. சி-யில் தேடினேன். அங்கேயும் இல்லை.

"இல்லீங்களே" என்றேன்.

"மலை மாதிரி எதிருல நிக்குது, லிஸ்ட்டுல இல்லியா? கொரோனாவுல எவனாவது தூக்கிக்கினு பூட்டானா?" என்று ஒரு பெண் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிரைவர் வேனை ஸ்டார்ட் பண்ணப் போய்விட்டார்.

மூத்தவர் மட்டும் விடவில்லை. "கேப்பாங்கன்னு ஆதாரு கொண்ணாந்தோம். இதுல எதுனா கீதா பாரு" என்று கார்டை நீட்டினார். பின்பக்கம் திருப்பினேன். தமிழில் திண்டிவனம் வட்டம் என்று இருந்தது. பக்கத்திலேயே அதே இங்கிலீஷில். எனக்குத் தலைக்குள் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அப்படியானால் என் கார்டில் செஞ்சி இருக்குமே! கேட்டிலும் போர்டு இருந்திருக்கும். அந்தப் பதற்றத்தில் யாருக்குத் தோன்றும்?

இடுப்புப் பையிலிருந்து என் கார்டை எடுத்தேன். செஞ்சி என்ற இடத்துக்கு நேராக ஜி, ஐ, என், ஜி, ஈ, ஈ. எஸ்ஸே இல்லை! பிறந்ததிலிருந்து இருக்கிற ஊர், எந்த எழுத்தில் தொடங்குகிறது என்றே தெரியாமல் இருந்திருக்கிறேன். ஜி-யில் தேடினேன். கோட்டை வந்துவிட்டது.

"கெடைச்சுது! வேனை நிறுத்தச் சொல்லுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் டிரைவர் பயந்தே போனார்.

அடுத்துப் பெயர், ஆதார் நம்பர் கேட்டது. ஆறு பெண்கள், டிரைவர் என்று ஒவ்வொரு கார்டாக வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். முக்கால் மணி நேரம். ஆறு பெண்களும் குடை மாதிரி முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெயிலை மறைத்தார்கள். டிக்கெட் காசை என் கையில் கொடுத்தார்கள். கடைசியில் ரகசிய நம்பரை அழுத்தும்போது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பச்சையாக ஒரு டிக் அடித்திருந்தது.

கேட்டில் காவல் தம்பி போனைப் பார்த்தான். வேனில் வந்தவர்களை எண்ணினான். மறுபடி போனைப் பார்த்தான்.

"எட்டுப் பேருக்குப் போட்டுருக்குது. இவங்க ஏழு பேருதானக்கா?"

எனக்கு உயிரே போய்விட்டது. கேஸ் ஏதாவது ஆகுமோ? அவன் மேலிருந்து பெயர்களைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். "மொத டிக்கெட்டே உன் பேருலதான்க்கா கீது!"

அப்போதுதான் புரிந்தது. முதலில் பெயர் என்று கேட்டதும், போன் யாருடையது என்று கேட்கிறார்கள் என்று நினைத்து, கையிலிருந்த என் கார்டைப் பார்த்து என் பெயரைத் தட்டியிருக்கிறேன்.

"வாம்மா. டிக்கெட்டு எடுத்தவ வெளிய நிக்கறதாவது" என்று மூத்தவர் என் கையைப் பிடித்தார்.

"வண்டி..." என்று இழுத்தேன்.

"போய்ட்டு வா. மோரு நான் ஊத்தறேன்" என்றார் இளநீர் அண்ணன். "சாயந்தரம் விக்கப்போற வண்டிக்கு இன்னா காவலு?"

பதினோரு வருஷம் அந்த வாசலில் மோர் விற்றிருக்கிறேன். உள்ளே போனதில்லை. அன்றைக்குப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லாததால் படிகளின் இடுக்கிலெல்லாம் புல் முளைத்திருந்தது. முன்னால் போகிறவர் காலால் விலக்கிக்கொண்டே ஏறினோம். ராஜகிரி மலை உச்சிக்கு முன்னால் பள்ளத்தின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. அதில் கால் வைக்கும்போது வழக்கமாக வருகிற பயம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று நடந்துவிட்டேன். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே என் வண்டியின் நீலக் குடை தெரிந்தது. இத்தினூண்டு குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டா அவ்வளவு பயந்தேன்! ஏழு பேரும் முகக்கவசத்தை இறக்கிவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கூவினார்கள். எட்டாவதாக நானும் கூவினேன்.

சாயந்திரம் வந்த ஆளிடம், "வண்டி விக்கறதுக்கில்லீங்க" என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து போன் இல்லாமல் வருகிறவர்களை, "டிக்கெட்டம்மாவாண்ட போங்க" என்று காவல் தம்பியே என்னிடம் அனுப்பினான். டிக்கெட் விலைக்கு மேல் காசு வாங்கமாட்டேன். இறங்கி வந்து மோர் குடித்துவிட்டுத்தான் போவார்கள். குழுக்கடன் முடிந்துவிட்டது.

இளநீர் அண்ணன் அன்று எனக்காக டம்ளர் பத்து ரூபாய் என்று எட்டு டம்ளர் மோர் விற்றார். காசு கேட்டால், "நான் வண்டியப் பாத்துக்கலன்னா நீ ஏறியிருப்பியா?" என்று மடக்குவார். பயம் இப்போதும் வருகிறது. வரும்போதெல்லாம், வண்டியை விட்டுவிட்டு மலை ஏறின அந்தக் காலை நேரத்தை நினைத்துக்கொள்வேன். அதற்கு நான் கொடுத்த விலை டிக்கெட்டுக்கு இருபது ரூபாய், அப்புறம் அண்ணனிடமிருந்து இன்னும் வரவேண்டிய எண்பது ரூபாய்.