திருச்சுழிக் கரிசலில் காணாமல் போன பாதை

காலை 6.40. மதுரை மாட்டுத்தாவணியில், அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். திருச்சுழிக்குப் போய், குண்டாற்றங்கரையில் ஒரு பகல் சுற்றிவிட்டு, மாலையில் திரும்புவது திட்டம். இரண்டு நாளாகப் புரட்டாசி மழை பெய்து அன்றுதான் வெறித்திருந்தது. போகிற ஊரைப் பற்றி முன்கூட்டி எதையும் பார்த்து வைத்துக்கொள்ள மாட்டேன். கைப்பேசியில் வரைபடம் பார்த்து ஊர் சுற்றுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். டீக்கடையில் வழி கேட்காதவன் எதற்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று இதே பக்கங்களில் சலித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீம்பு காரியாபட்டி வரைக்கும்தான் தாங்கியது.

எனக்கு முன் இருக்கையில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அவர் கைப்பேசியில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. நிலம். விமானத்திலிருந்து பார்ப்பதைப் போல, ஆனால் ஒவ்வொரு பனைமரமும் தன் நிழலோடு தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். அவர் விரலால் கீழே ஒரு கோட்டைத் தள்ளினார். பழுப்பு பச்சையானது. இன்னொரு தள்ளு, ஒரு கண்மாய் நிறைந்து கருநீலமானது. இன்னொன்று, அதே கண்மாய் காய்ந்து வெளிறிக் கிடந்தது. பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது அநாகரிகம் என்று தெரியும். ஆனாலும் கழுத்து நீண்டுவிட்டது.

"பாக்கணும்னா நல்லாப் பாருங்க சார். இப்பிடி எட்டிப் பாத்தா கழுத்து புடிச்சுக்கிரும்" என்று சொல்லிக் கைப்பேசியை என்னிடமே நீட்டினார்.

அவர் பெயர் முத்துமாரி. வீடு பாளையம்பட்டி, வேலை ஒரு நூற்பாலையில். மதுரைக் கல்லூரி விடுதியில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வரைபடச் செயலியில் பழைய வருடங்களின் படங்களும் இருப்பதை மகள்தான் கணினியில் காட்டியிருக்கிறாள். "போன்லயும் அது வரும்னு நானாத்தான் கண்டுபுடிச்சேன்" என்றார். குரலில் பெருமை இருந்தது, இருக்க வேண்டியதுதான்.

நான் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பன்னிரண்டு, பதிமூன்று வருடங்கள் என் கட்டைவிரலுக்குக் கீழே முன்னும் பின்னும் போய்வந்தன. சீமைக்கருவேலம் முதலில் ஓடை ஓரத்தில் நாலு புள்ளியாக இருந்தது. பிறகு வரப்பேறியது, பிறகு வயலையே மூடியது. யாரோ ஒருவர் கிணறு வெட்ட ஆரம்பித்து, அடுத்த படத்தில் ஆழமாக்கி, அதற்கடுத்த படத்தில் கைவிட்டிருந்தார். அவருடைய மூன்று வருடப் பாட்டை நான் மூன்று நொடியில் பார்த்து முடித்தேன். மேலே அவ்வளவு உயரத்தில் ஒன்று சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு இதையெல்லாம் பார்த்து வைத்திருக்கிறது என்று நினைத்து, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன்.

"எல்லாம் நாங்க கண்ணால பாத்ததுதான் சார். ஆனா மொத்தமா ஒரேயடியாப் பாக்கையில பயமா இருக்கு" என்றார் முத்துமாரி.

அவர் வேடிக்கைக்காகப் பார்க்கவில்லை. திருச்சுழிக்குக் கொஞ்சம் முன்னால் அவருக்கு ஒன்றரை ஏக்கர் கரிசல் இருக்கிறது. கூலிவேலை பார்த்த அவர் அப்பா சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. அப்பா பக்கவாதத்தில் ஆறு வருடம் படுக்கையில் கிடந்து இறந்துபோனார். அந்த ஆறு வருடமும் விதைப்பு இல்லை, நிலத்துக்குப் போகும் வண்டிப்பாதையைக் கருவேலம் மூடிவிட்டது. முன்னால் இருக்கும் நிலம் தங்கப்பாண்டி என்பவருடையது. மஸ்கட்டில் பதினான்கு வருடம் கொத்தனார் வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியவர். வந்த வேகத்தில் இயந்திரம் வைத்துக் கருவேலத்தைப் பிடுங்கி, பாதையையும் சேர்த்து உழுது, ரோட்டோரம் முள் அடைத்துவிட்டார். பாதை அங்கே இல்லை, ஓடைக்கரையில்தான் இருந்தது என்பது அவர் கட்சி.

"ஓடைக்கரையில மழை பெஞ்சா டிராக்டர் எறங்குமா சார்? புதைஞ்சு போயிரும். நேத்துப் பெஞ்ச மழைக்கு ஈரம் மூணு நாளைக்கு நிக்கும். அதுக்குள்ள உளுந்தைப் போட்டுறணும். விட்டா இந்த வருஷமும் தரிசுதான். தாலுகா ஆபீஸுல மனு குடுத்திருக்கேன். அளக்க வார வரைக்கும் ஈரம் காத்துக்கிட்டா இருக்கும்?"

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நீங்களும் வாரீகளா? வெளியூர் ஆள் ஒருத்தர் நின்னா ரெண்டு பேரும் சத்தம் போடாமப் பேசுவோம்."

குண்டாறு எங்கும் போய்விடாது. வருகிறேன் என்றேன்.

8.15. அருப்புக்கோட்டை. பேருந்து நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை, டீ. மொத்தம் நாற்பது ரூபாய். திருச்சுழி நகரப் பேருந்தில் எனக்குப் பதினைந்து ரூபாய் சீட்டு, முத்துமாரிக்கு மகளிர் இலவசச் சீட்டு. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல் விரிந்தது. மழை குடித்து, கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்ததைப் போல இருந்தது. நான் பிறந்து வளர்ந்தது மன்னார்குடிப் பக்கம். வாய்க்கால் எதுவும் இல்லாத இவ்வளவு வெட்டவெளியைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் மலைப்பாக இருக்கும்.

9.20. திருச்சுழிக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், பெயர்ப்பலகை இல்லாத ஒரு நிறுத்தத்தில் முத்துமாரி என்னை இறக்கிவிட்டார். டிராக்டரை அழைத்துக்கொண்டு அவர் திருச்சுழியிலிருந்து, நிலத்தை ஒட்டிப் போகும் கிளை ரோட்டு வழியாக வருவார். நான் அதற்குள் குறுக்கே நடந்துபோய் நிலத்தருகே நிற்க வேண்டும். என் கைப்பேசியில் அந்தச் செயலியை ஏற்றி, நிலத்தின் மேல் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்திருந்தார்.

புதிதாகப் பக்தி பிடித்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலை வரை வரைபடத்தைத் திட்டிக்கொண்டிருந்த நான், இப்போது எதிரே வந்த ஆடு மேய்க்கும் அம்மாவிடம்கூட வழி கேட்கவில்லை. செயலி ஒரு நீலக் கோடு போட்டது. கோடு கண்மாய்க்குள் இறங்கி நேராக அக்கரை ஏறியது. படத்தில் கண்மாய் காய்ந்து, நடுவில் வண்டித் தடம் பளிச்சென்று தெரிந்தது. எதிரே இருந்த கண்மாயில் தண்ணீர் பெரிதாக இல்லை, பச்சைப் புல்தான் தெரிந்தது. இறங்கினேன். பத்தாவது எட்டில் முழங்கால் வரை போய்விட்டது. இடது செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கை விட்டுத் துழாவி எடுத்துக்கொண்டு, தவழாத குறையாக அக்கரை ஏறியபோது அங்கே ஒருவர் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க? சர்வேயரா?"

"இல்லைங்க, ஊர் சுற்ற வந்தவன்."

"அதான பாத்தேன். சர்வேயர்னா கம்மாய்க்குள்ள எறங்கியா வருவாரு?" என்று சிரித்தார். "கோடையில நாங்க எல்லாரும் இதுக்குள்ளதான் பைக்குல போவோம். மழை விழுந்துட்டா கரையைச் சுத்தித்தான். போனு பாத்து வந்தீகளாக்கும்?"

அவர்தான் தங்கப்பாண்டி. மோட்டார் ரூமுக்கு அழைத்துப் போய் குழாயைத் திறந்துவிட்டார். நான் கால் கழுவும்வரை நின்று, என் செருப்பைத் தானே அலசிக் கொடுத்தார். யாருடன் வந்தேன் என்று சொன்னதும் முகம் இறுகியது. ஆனால் செருப்பை அலசிக் கொடுத்த மனிதர் உடனே கோபப்படவும் முடியாமல் தவித்தார்.

"இங்க பாருங்க சார், நான் யார் பொழப்புலயும் மண்ணள்ளிப் போடுறவன் இல்ல. எனக்குத் தெரிஞ்சு பாதை ஓடைக்கரைதான். சின்னப் பிள்ளையில நான் மாடு பத்திக்கிட்டுப் போனதும் அந்த வழிதான். நடுநிலத்தைப் பொளந்து பாதை விடுன்னா எப்பிடி?"

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தோன்றியது. அதுதான் சங்கடமாகவும் இருந்தது.

10.45. டிராக்டர் வந்து முள்ளடைப்புக்கு வெளியே நின்றது. பின்னால் விதைப்புக் கலப்பை, ஓட்டுநருக்குப் பக்கத்தில் முத்துமாரி, மடியில் உளுந்துப் பை. இறங்கி வந்தவர் என் வேட்டியைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். "அது கோடையில எடுத்த படம் சார்! படத்துல மாசம் போட்டிருக்குமே, பாக்கலையா?"

பிறகு அவர் தங்கப்பாண்டி பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே, நாலாவது தடவையா வந்திருக்கேன். எங்கய்யா பாதை இதுதான். படத்துல இருக்கு, பாருங்க."

"போன்ல என்ன வேணாலும் வரைவாக, ஆத்தா. இவரையே கம்மாய்க்குள்ள தள்ளி விட்டுருச்சு அது. அதை நம்பியா நான் நெலத்தை விட?"

என் கால் விரலிடுக்கில் இன்னும் சேறு இருந்தது.

முத்துமாரி கைப்பேசியை அவர் முன்னால் பிடித்து விரலைத் தள்ளினார். இந்த வருடம், உழுத கரிசல். போன வருடம், கருவேலங்காடு. அதற்கு முன்னும் காடு. காடு மெலிந்தது, குறைந்தது, மறைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு மாசி மாதத்தில் நிறுத்தினார். கறுப்பு மண்ணில், ரோட்டிலிருந்து ஒரு வெளிறிய கோடு புறப்பட்டு நிலத்தின் குறுக்கே போய், முத்துமாரியின் ஒன்றரை ஏக்கரில் முடிந்தது.

ஆனால் தங்கப்பாண்டி கோட்டைப் பார்க்கவில்லை.

"இது என்னத்தா, செவப்பா?"

கோட்டின் நடுவே, அதை ஒட்டி ஒரு சிவப்புச் சதுரம். பேருந்தில் நானும் அதைப் பார்த்திருந்தேன். தார்ப்பாய் என்று நினைத்தேன். முத்துமாரியும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

தங்கப்பாண்டி கைப்பேசியை வாங்கி, வெயிலுக்குத் துண்டால் மறைத்துக்கொண்டு, பெரிதாக்கிப் பார்த்தார். சதுரம் ஒழுங்காக இல்லை. ஓரங்களில் வழிந்து, கறுப்பு மண்ணின் மேலும் சிவப்பு சிதறிக் கிடந்தது.

"மிளகா" என்றார். "எங்கய்யாவோட களம் இது."

அவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அந்த வருடம் அவர் மஸ்கட்டில் இருந்தார். வேலை நின்று, மூன்று மாதம் ஊருக்குப் பணம் அனுப்ப முடியவில்லை. தொலைபேசியில் அப்பாவிடம் அதைச் சொல்லி அழுதிருக்கிறார்.

"அவரு சொன்னாரு, நீ வெசனப்படாத, இந்த வருஷம் மிளகா நல்லா வெளஞ்சிருக்கு, களம் கொள்ளலைன்னு. நான் நம்பலை சார். எம் மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றாருன்னுதான் நெனச்சேன். அவரு போய்ச் சேந்து எட்டு வருஷமாச்சு. இன்னைக்கு வரைக்கும் அதைப் பொய்யின்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

டிராக்டர் ஓட்டுநர் இஞ்சினை அணைத்தார். ஆகாயத்தில் எங்கேயோ போன ஒரு பொறி, இந்தக் கரிசலில் ஒரு தகப்பன் மகனுக்குச் சொன்ன வார்த்தைக்குச் சாட்சி எடுத்து வைத்திருக்கிறது. அதற்கு மிளகாயும் தெரியாது, மஸ்கட்டும் தெரியாது.

தங்கப்பாண்டி எழுந்தார். கைப்பேசியைப் பார்ப்பதும் நிலத்தைப் பார்ப்பதுமாக நடந்தார். மோட்டார் ரூம், ஒற்றைப் பனை, ரோட்டு வளைவு, மூன்றையும் வைத்துக் கணக்குப் பண்ணி, உழுத மண்ணில் ஓரிடத்தில் காலால் அழுத்தி மிதித்தார்.

"இங்கனதான் களம். நான் அதையும் சேத்து உழுதுட்டேன்." பிறகு திரும்பி முத்துமாரியிடம் சொன்னார்: "களத்துல இருந்து மூட்டை ஓடைப் பக்கமாவா போகும்? இந்தப் பாதையிலதான் ரோட்டுக்குப் போயிருக்கும். எங்கய்யாவும் உங்கய்யாவும் ஒரே தடத்துலதான் வண்டி ஓட்டியிருக்காக. நான் ஊரை விட்டுப் போன பெறகு போட்ட பாதை போல. எனக்கு எப்பிடித் தெரியும்?"

அரிவாள் எடுத்துவந்து முள்ளடைப்பை அவரே இழுத்துப் போட்டார். முத்துமாரி உதவப் போனபோது, "நீ தள்ளி நில்லுத்தா, கையில ஏறிரும்" என்று அதட்டினார்.

11.40. டிராக்டர் உள்ளே போனது. பிற்பகல் ஒன்றரைக்குள் உளுந்து மண்ணுக்குள் போய்விட்டது. ஓட்டுநர் வெளியே வந்து சாலையில் ஏறப்போகும்போது முத்துமாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, கலப்பையைத் தூக்கிக்கிட்டுப் பாதையில ரெண்டு தடவை சும்மா போயிட்டு வாங்க."

"எதுக்கும்மா? டீசல் உங்க வீட்டு ஓடையிலயா ஓடுது?"

"தடம் நல்லா விழட்டும். மேல இருந்து பாக்கையில தெரியணும்ல."

ஓட்டுநர் முணுமுணுத்தபடி இரண்டு தடவை போய்வந்தார். தங்கப்பாண்டி நின்று அதைப் பார்த்தார். மக்காச்சோளம் போடலாம் என்று நினைத்திருந்தாராம். இனி யோசிக்க வேண்டும் என்றார். பழைய படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி, என் எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மாலை 4.10. திரும்பும் பேருந்து. குண்டாற்றைப் பாலத்தின் மேல் நின்று கால் மணி நேரம் பார்த்ததோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் என் ஊரை அந்தச் செயலியில் திறந்தேன். வருடத்தைத் தள்ளத் தள்ளப் பச்சை, மீண்டும் பச்சை. தண்ணீர் உள்ள மண் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. என் அப்பா நடந்த வரப்பு எது என்று எவ்வளவு பெரிதாக்கியும் எனக்குப் பிடிபடவில்லை. வானம் பார்த்த பூமி என்று பரிதாபமாகச் சொல்லிப் பழகிய எனக்கு, முதல்முறையாக அந்த வறண்ட மண்ணின் மேல் பொறாமை வந்தது.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை திருச்சுழிப் பக்கம் எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. மாதக்கணக்கில் பழைய படமே இருந்தது. பங்குனி பிறந்த பிறகு ஒரு நாள் காலையில் படம் மாறியிருந்தது. மாசியில் எடுத்தது. கறுப்பு மண்ணில், ரோட்டிலிருந்து ஒன்றரை ஏக்கர் வரை, வெளிறிய கோடு. அதன் நடுவில், பனைக்குப் பக்கத்தில், சிவப்பு.

உடனே தங்கப்பாண்டியை அழைத்தேன். படம் வந்துவிட்டது என்று சொன்னேன்.

"களம் தெரியுதா சார்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு சதுரத்துக்குள் அடங்கவில்லை. நாலு பக்கமும் வழிந்து பாதையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தெரியுதுங்க. களம் கொள்ளலை" என்றேன்.