ஆறு மணிக்குக் கூவாத குருவி

போன ஞாயிறு ஃபோர்ட் கேனிங் குன்றில் நடந்துகொண்டிருந்தோம். என் மனைவி முழங்கையால் இடித்தாள். “வந்துட்டாரு பாருங்க!”

மரத்தடிச் சருகில் அந்தக் குருவி. பச்சை முதுகு, பளீரென்ற நீலச் சிறகு, வாலடியில் சிவப்பு, கண்ணில் மை தீட்டினாற்போல் கறுப்புப் பட்டை. பார்க்க ஆசையா? அண்ணாந்து தேடாதீர்கள். தரையைப் பாருங்கள். சருகு அசைகிறதா... அங்கேதான். மழைக்காலத்தில் வரும். சில மாதம் தங்கும். போய்விடும்.

எனக்கு அதைப் பார்த்தால் ஐம்பதுகள் வந்துவிடும். கல்யாணமான புதிது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள், சிராங்கூன் ரோட்டில் என் ஒற்றை அறையில் சரியாகச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாள். தினமும் ஒரே கேள்வி — “அடுத்த கப்பல் எப்பங்க?”

நானோ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவன். ‘போகாதே’ என்று எப்படிச் சொல்வது?

அப்போதுதான் குன்றில் இந்தக் குருவியைக் கண்டேன். அட, நம் ஊர் ஆறுமணிக்குருவி! சாயங்காலம் ஆறுக்குக் கூவுமே! அந்தக் குரலைக் கேட்டால் இவள் மனம் தேறாதா?

மறுநாளே அழைத்துப் போனேன். குன்றடியில் மீ கோரெங் நூடுல்ஸ் வண்டி போட்டிருந்த காதர் பாய் விடுவாரா? “என்னா மாப்ள, பொண்டாட்டியோட மொத மொத வெளிய வர்றீங்க... குருவி பாக்கவா? நல்லா இருக்கு லா!”

குருவி இருந்தது. உட்கார்ந்தோம். ஆறு ஆனது. கூவவில்லை. ஆறேகால்... மூச்!

அவள் உற்றுப் பார்த்தாள். “இது நம்ம ஊருது இல்லீங்க. அதுக்குக் கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு இருக்கும். றெக்கை இம்புட்டு நீலமும் இல்ல.”

போச்சு. இனிக் கப்பல்தான்.

“அச்சு அசல் அதே மாதிரி இருந்துச்சு...” என்று முனகினேன்.

அவள் காதில் வாங்கவில்லை. குருவி சருகைக் கிளறியது. ஒரு புழுவை இழுத்து விழுங்கியது. அடுத்ததைத் தேடியது. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எழுந்து, சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டினாள்.

“வந்த இடத்துல அது பாட்டுக்குச் சாப்பிடுது. எனக்கும் பசிக்குது, வாங்க.”

காதர் பாயிடம் ஒரு தட்டு மீ கோரெங். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். “காரம் பத்தல, பாய்!” பாய் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கப்பலில் வந்தவர்களைத் தேற்ற நாம் ஊரையே தேடி ஓடுகிறோம். பசி எடுக்க வைத்தால் போதும் — இது என் அனுபவம்.

அந்தக் கேள்வியை மட்டும் அவள் இன்னும் விடவில்லை. போன ஞாயிறும் கேட்டாள். குனிந்து, குருவியிடம் — “உனக்கு அடுத்த கப்பல் எப்ப?”