காலண்டர் தாளில் படித்த இந்தி

அச்சு மை புதுத் தாளில் மண்ணெண்ணெய் வாடையாக மூக்கில் ஏறும். நாள்பட்ட தாளில் ஈரச் சாக்கைப்போல அடங்கிக் கிடக்கும். ஆனைக்குட்டத்தில் எங்கள் வீட்டு அலமாரித் தட்டு, என் பாடப்புத்தக அட்டை, அரிசிப் பானை மூடி எல்லாவற்றிலும் அந்த வாடைதான். சிவகாசி அச்சகங்களில் கழித்துப்போடும் "வேஸ்ட் ஷீட்"டை அம்மா எடைக்கு வாங்கிவந்து விரித்திருப்பாள். பாதி, வடநாட்டு ஆர்டருக்கு அடித்த இந்திக் காலண்டர். மீதி, அவள் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் லேபிள்.

கொரோனாவுக்கு ஊரடங்கு போட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியும் மூடியது, கம்பெனியும் மூடியது. லாரி ஓட்டும் அப்பா சாத்தூரில் தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு பீகாருக்குப் போனவர், போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார். சாலையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் பின்னால் வண்டியை நிறுத்தியிருப்பதாகவும், கடைக்காரி சுனிதா நல்ல மனுஷி என்றும் தினமும் சாயங்காலம் போனில் சொல்வார். வீட்டில் நானும் அம்மாவும் ஒரு பட்டன் போனும் மட்டும்.

எத்தனை நாள்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒருநாள் தரைச்சக்கர லேபிள் ஒன்றில் ஆங்கிலத்தில் "சக்கர்" என்றிருந்ததையும், பக்கத்தில் இந்தியில் இருந்ததையும் சேர்த்துவைத்துப் பார்த்தேன். இந்திச் சொல்லின் கடைசி எழுத்து "ர்" ஆகத்தானே இருக்க வேண்டும்? காலண்டர் தாளை எடுத்தால், ஏழு கிழமைகளின் வாலிலும் அதே எழுத்து தொங்குகிறது! திங்கட்கிழமைக் கட்டத்தின் தலையைப் பார்த்தேன். அடி ஆத்தி, கார்த்திகையில் அம்மா விரதமிருக்கும் சோமவாரம்! அப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழமையிலிருந்து மாதம், மாதத்திலிருந்து சாமி பெயர் என்று எழுத்து எழுத்தாகப் பிடித்தேன். பிடித்ததையெல்லாம் அடுப்பங்கரைச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைத்தேன்.

"ஏ புள்ள, இதப் படிச்சு எந்தக் கம்பெனிக்கு மேனேஜராப் போகப் போற?" என்று அம்மா சுவரைத் துடைத்துக்கொண்டே ஏசினாள். ஆனால் லேபிளின் அடியில் இருந்த பொடி எழுத்தை ஆங்கிலத்தோடு ஒப்பிட்டு, "தூர் ஹட் ஜாயியே, பத்தவச்சதும் விலகிப் போங்கன்னு போட்டிருக்கும்மா" என்று நான் வாசித்தபோது கரித்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஏழு வருஷமாக அந்த லேபிளை ஒட்டியிருக்கிறாள், என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவளாகவே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் இரண்டு நாள் அப்பாவிடமிருந்து அழைப்பு இல்லை. மூன்றாம் நாள் மதியம் அவர் எண்ணிலிருந்து வந்தது. பேசியது ஒரு பெண். சுனிதாதான் என்று ஊகித்தோம். அவள் படபடவென்று சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. கண்ணுக்குத் தெரிந்த இந்தி காதுக்குத் தெரியவில்லை. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். என்னிடம் இருந்ததோ ஏழு கிழமையும் பன்னிரண்டு மாதமும் பட்டாசு லேபிளும். பயத்தில் நாக்கு, தனக்குத் தெரிந்த ஒரே முழு வாக்கியத்தைச் சொல்லிவிட்டது: "தூர் ஹட் ஜாயியே."

நோய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கி நின்ற நாளில், அப்பாவின் அருகில் இருந்த ஒரே ஆளை விலகிப் போகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

அம்மா போனைப் பிடுங்கினாள். அவள் அப்பாவின் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என் விலாவில் இடித்து என்னைத்தான் சொல்லச் சொல்வாள். அன்று "மாரிச்சாமி" என்றாள். பிறகு போனுக்குள் மூச்சை நீளமாக இழுத்துவிட்டாள். மறுபடியும் "மாரிச்சாமி". மறுபடியும் மூச்சு.

சுனிதாவுக்குப் புரிந்துவிட்டது. நடக்கும் சத்தம் கேட்டது, ஏதோ துணி உரசியது, அப்புறம் "கர்கர்" என்று ஒரு மூச்சு.

"இருக்காக, புள்ள" என்று சொல்லிவிட்டு அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

அதன்பின் சுனிதா தன் போனிலிருந்தே தினமும் கூப்பிட்டாள். அம்மா அவளைத் "தீதி" என்பாள், அவளும் அம்மாவைத் "தீதி" என்பாள். இருவரில் யார் அக்கா என்று கடைசிவரை தெரியவில்லை. மருந்துக்குத் "தவா", தண்ணீருக்குப் "பானி" என்று அம்மா பேசிப் பழகிய சொல்லை அந்தந்தத் தேதிக் கட்டத்தில் நான் இந்தியில் எழுதிவைப்பேன். எழுத்து என் பங்கு, பேச்சு அவள் பங்கு. கொரோனாவில் படுத்திருந்த அப்பாவுக்கு மெல்ல மெல்லக் குரல் திரும்பியது. ஒருநாள் இளைத்துக் கறுத்து வாசலில் வந்து நின்றவரிடம், அம்மா மறந்துபோய் "கானா காயா?" என்று கேட்டாள், சாப்பிட்டாச்சா என்று. இருபது வருஷம் வடக்கே வண்டி ஓட்டியவர் வாயைப் பிளந்து நின்றார். அவர் பெயரை மட்டும் அவள் அதன்பிறகு சொன்னதில்லை.

இப்போது விருதுநகரில் கல்லூரிக்குப் போகிறேன். இந்தி பிழையில்லாமல் எழுதுவேன். பேசச் சொன்னால் இன்றும் வாய் பூட்டிக்கொள்கிறது. வீட்டு அலமாரியில் பூப்போட்ட பிளாஸ்டிக் விரித்தாகிவிட்டது; அதில் படிக்க ஒன்றும் இல்லை. பீகாரில் சாலையை அகலப்படுத்தியதில் அந்தக் கடையும் போய்விட்டது, சுனிதா எங்கே போனாள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை என்று அப்பா வந்து சொன்னார். ஆனாலும் தீபாவளியன்று காலையில், தெருவில் முதல் வெடி வெடிக்கும் முன்பே, அம்மா அவள் எண்ணைப் போடுகிறாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் இந்தியில் சொல்கிறது. அது சொல்லி முடிக்கும்வரை அம்மா போனை வைப்பதில்லை. என்னம்மா சொல்லுது என்று நானும் கேட்பதில்லை; அவளுக்கு ஒரு சொல் விடாமல் புரிகிறது.