அண்ணியின் சிவப்புத் துணி

இதை எழுத வேண்டும் என்று நினைக்க ஆரம்பித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஆடி பதினெட்டுக்கும் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். பத்தொன்பதாம் தேதி தைரியம் போய்விடும். எனக்குப் படிப்பு பத்தாவது வரைதான். மளிகைச் சீட்டு எழுதிப் பழகிய கை. அம்மா இருந்த வரைக்கும் அம்மாவிடம் பயம். அம்மா போன பிறகு அண்ணியின் முகத்தைப் பார்க்க வெட்கம். போன வருஷம் அண்ணியும் பெருமாள் திருவடி சேர்ந்துவிட்டாள். பதின்மூன்றாம் நாள் பந்தியில் உறவுக்காரர் ஒருவர் அந்தப் பழைய கதையை எடுத்தார். பந்தாட்டத்தையே காவிரித் தாயாருக்குக் காணிக்கையாக விட்ட மருமகள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ரங்கநாதரை வேண்டிக்கொண்டு இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில், ஒரு வைகாசி மாதம். எனக்குப் பத்து வயது. அவள் திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். அங்கே கால்பந்து டீமுக்குக் கேப்டன். கடைசிப் பரீட்சை எழுதிய மை காய்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. பெண்பிள்ளைகள் கால்பந்து ஆடுவார்கள் என்பதை எங்கள் தெரு அதுவரை கேள்விப்பட்டதில்லை. எதிர்வீட்டு அம்மாள் வந்து, "உங்க மருமக நல்லா உதைப்பாளாமே?" என்று கேட்டாள். காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்த அப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பந்தைத்தாங்க. நீங்க பயப்படாதீங்க" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா பொல்லாதவள் இல்லை. அண்ணியை ஒரு வார்த்தை கடிந்து சொல்லி நான் கேட்டதில்லை. பந்துப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பாள். அடுப்பு எரியாவிட்டாலும் போய்ப் பார்ப்பாள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடி மாதத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். அண்ணிக்கு அம்மா இல்லை. அழைத்துப் போக ஆளில்லை. அதனால் பெண்ணை அனுப்புவதற்குப் பதிலாக மாப்பிள்ளையை அனுப்பினார்கள். அண்ணன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், கைலாசபுரத்தில் இருந்த சிநேகிதர் வீட்டுக்குப் போனான். அண்ணிக்குத் துணையாக என்னை அவள் அறையில் படுக்கச் சொன்னார்கள். அந்த ஒரு மாதம் அண்ணி எனக்குக் கிடைத்தாள்.

மத்தியானத்தில் சிமெண்டுத் தரையில் தலையணை இல்லாமல் படுத்துக்கொள்வோம். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் ஒரு சதுரமாக விழுந்து, தரையிலிருந்து சுவருக்கு மெதுவாக ஏறும். அது ஏறி முடிகிற வரைக்கும் அண்ணி பேசுவாள். மழையில் நனைந்த பந்து எவ்வளவு கனக்கும், சேற்றில் விழுந்தால் வாயில் என்ன ருசி இருக்கும், கல்லூரி வேப்பமரத்தில் மாட்டிக்கொண்ட பந்தை எடுக்க எத்தனை பேர் ஏறினார்கள் என்று. மூன்று வருஷம் ஆடியதில் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகமாம். அதைச் சொல்லும்போதும் அவள் முகம் சிரித்தபடிதான் இருக்கும். எனக்குத் தூக்கம் சொக்கும். அரைத் தூக்கத்தில் பதினோரு பெண்கள் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக்குள் ஓடுவார்கள். தூணுக்குத் தூண் பந்து சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். எல்லோருக்கும் முன்னால் அண்ணி.

கேப்டன் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல்ல, நல்லா சத்தம் போடணும்னு நினைச்சேன் பாப்பா. அப்புறம்தான் புரிஞ்சுது, யாருக்கு மூச்சு வாங்குதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான் வேலை."

கேப்டன் கையில் ஒரு பட்டை கட்டியிருப்பாளாம். அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். வருஷம் முடிந்தாலும் பட்டை பழைய கேப்டனிடமே இருக்கும். அடுத்த வருஷத்து முதல் மேட்ச் அன்று அவளே மைதானத்துக்கு வந்து புதுக் கேப்டன் கையில் கட்டிவிட வேண்டும். அந்த மேட்ச் ஆவணியில், சாயந்திரம் நாலு மணிக்கு. அண்ணி அதற்காக அம்மாவிடம் உத்தரவு கேட்டிருந்தாள். பட்டையையும் எடுத்துக் காட்டினாளாம். அம்மா மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள் அரிசி புடைத்துக்கொண்டே, "கொடுத்துட்டு வந்துடு. விளக்கு வைக்கறதுக்குள்ள வீட்டில இருக்கணும். பாப்பாவையும் கூட்டிட்டுப் போ. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது" என்றாள். அன்று அண்ணி கிணற்றில் இருபது குடம் தண்ணீர் இறைத்தாள். எங்களுக்கு வேண்டியிருந்தது எட்டுக் குடம்.

இன்னும் ஒருமுறை மைதானத்துக்குப் போக அவளுக்கு இருந்த ஒரே வழி அந்தப் பட்டைதான். இது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு நான் பட்டையைப் பார்த்ததே இல்லை. மனசில் மட்டும் ஒன்று வைத்திருந்தேன். நம்பெருமாள் தோளில் சார்த்தியிருக்கும் வங்கி என்கிற தோள்வளை மாதிரி, பொன்னில், நடுவில் ஒரு சிவப்புக் கல்லோடு.

அண்ணியின் டிரங்குப் பெட்டியில் வேறொன்றைப் பார்த்திருந்தேன். கல்யாணப் புடவை மடிப்புக்குள் ஒரு சிவப்புத் துணி. வெளுத்து, ஓரம் நைந்து, ஊக்கு குத்திய இடத்தில் துருக்கறை. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அண்ணி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு கட்டிய காப்பு என்று நினைத்துக்கொண்டேன். பழைய காப்பையும் காய்ந்த மாலையையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்று அம்மா பல தடவை சொல்லியிருக்கிறாள். அண்ணிக்குத் தாய் இல்லை, அதனால் இதெல்லாம் தெரியாது என்று எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.

ஆடிப் பெருக்கு வந்தது. புதுமணத் தம்பதியின் கல்யாண மாலையை அன்றுதான் காவிரியில் விடுவார்கள். காலையில் அம்மா மாலைகளை மூங்கில் தட்டில் வைத்து, சாமி சம்பந்தமாக ஆற்றில் விட வேண்டியது வேறு ஏதாவது இருந்தால் எடுத்து வை என்று என்னிடம் சொன்னாள். நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். சிவப்புத் துணியை எடுத்து, என் கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, மாலைக்குள் வைத்துச் சுற்றினேன். அண்ணிக்கு ஒரு நல்லது செய்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. தண்ணீர் படிகளை விழுங்கிக்கொண்டு மண்ணிறத்தில் போனது. மஞ்சள், காதோலை, கருகமணி, பூ, விளக்கு எல்லாம் மிதந்து போயின. பெருமாளே அங்கே எழுந்தருளிக் காவிரித் தாயாருக்குப் பட்டும் மாலையும் சீர் கொடுக்கிற நாள். பெருமாள் பட்டு விடும்போது அண்ணி துணி விடக் கூடாதா என்று கூட நினைத்தேன்.

அண்ணி இடுப்பளவு தண்ணீரில் நின்று மாலைகளை விட்டாள். இரண்டு ஆள் நீளம் போனதும் மாலை பிரிந்தது. சிவப்புத் துணி தனியாக வெளியே வந்து, நீளமாக விரிந்து, தண்ணீரின் மேல் படுத்துக்கொண்டது. அண்ணி ஒரு படி இறங்கினாள், இன்னொரு படி இறங்கினாள். அம்மா அவள் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஆழம்மா, எங்கே போறே?" என்றவள், அண்ணி பார்த்த பக்கம் பார்த்தாள். "அது உன் பந்தாட்டத் துணி இல்லை?"

அதுதான் அந்தக் கேப்டன் பட்டை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மாவுக்கு அடிக்கக் கை நீளும். தப்பு செய்தால் விறகுக் கட்டையையும் எடுப்பாள்.

"நீயாவா விட்டே?" என்று அம்மா கேட்டாள். குரல் ஒரு மாதிரி இளகியிருந்தது.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் படியில் தண்ணீர் சொட்ட நின்றேன். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆமாங்க அத்தை" என்றாள்.

அம்மா அழுதுவிட்டாள். அந்தக் கூட்டத்தில் அண்ணியைக் கட்டிக்கொண்டு நெற்றியில் மஞ்சள் பூசினாள். சாயந்திரத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாளே வந்து அண்ணிக்குப் பூ வைத்துவிட்டுப் போனாள். நான் கோயிலுக்கு ஓடிப்போய்த் தாயார் சன்னிதியில் விழுந்து கும்பிட்டேன். அடி விழாமல் காப்பாற்றியது தாயார்தான் என்று நினைத்தேன். அண்ணி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு நாள் கழித்து என் சிவப்பு ரிப்பனைக் கத்தரித்து, நாலு மடிப்பாக மடித்துத் தைத்து அண்ணியிடம் கொடுத்தேன். இதைக் கொண்டுபோய்க் கட்டிவிடலாமே என்றேன். அவள் வாங்கி என் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"கொடுக்கணும்னு சொல்லித்தான் பாப்பா உத்தரவு வாங்கினேன். காவிரிக்கே கொடுத்தாச்சுன்னு இப்ப ஊரே சொல்லுதே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆகவே கோபமில்லை என்று முடிவு செய்துகொண்டு நான் பாண்டி ஆடப் போய்விட்டேன்.

ஆவணியில் அந்த மேட்ச் நாள் வந்தது. நாலு மணிக்கு அண்ணி என்னைக் கூப்பிட்டு, கூடத்துக் கடிகாரம் தெரிகிற மாதிரி உட்கார்ந்து எனக்குத் தலை பின்ன ஆரம்பித்தாள். பின்னி முடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவிழ்த்துவிட்டு மறுபடியும் பின்னினாள். நடுவில் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு வந்து, என்னை எதிர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். கை வேகமாகப் போனது. அவளுக்கு மூச்சு வாங்கியது. ஐந்தரை மணிக்குச் சட்டென்று நிறுத்திவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு விளக்கேற்றப் போனாள். இவ்வளவு அக்கறையாக எனக்கு யாரும் தலை பின்னியதில்லை என்று பெருமையாக இருந்தது. தலை வலித்தது. அதை மட்டும் போய் அம்மாவிடம் சொன்னேன்.

கால்பந்தில் பாதி ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி நிற்பார்கள் என்பது, ரொம்ப வருஷம் கழித்து என் மகள் டிவியில் மேட்ச் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று அடுக்களைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாரிடமாவது சொல்வதாக இருந்தால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு ஒரு வார்த்தையையும் மாற்ற வேண்டாம். துணியை எடுத்து மாலைக்குள் வைத்தவள் நான். கேட்டபோது வாய் திறக்காமல் நின்றவளும் நான். அண்ணி பந்தாட்டத்தைக் காவிரியில் விட்டுவிட்டாள் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். அவள் விடவில்லை.