மில் பாக்கப் போன கிழடுகள்

போன சனிக்கிழமை நான் ரெண்டு சேலை உடுத்துக்கொண்டு சுற்றுலா போனனான்.

ஒண்டுக்கு மேல ஒண்டு. குளிருக்கெண்டு நினைப்பியள்... இல்லை. வைகாசி மாசம், நல்ல வெயில். ஏனெண்டு சொல்லுறன், கொஞ்சம் பொறுங்கோ. எனக்கு எழுத்து வராதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. வழமைபோல நான் சொல்லச் சொல்ல மருமகள் வசந்திதான் எழுதுறா. நான் அவசரப்பட்டால் அவவின்ர பேனை நிண்டுபோகும்.

எங்கட அகதிக் காம்புக்கு இந்த நாட்டுப் பாசை டெனிஷ் படிப்பிக்க வாற கிர்ஸ்டன் ரீச்சர் நல்ல மனுசி. எனக்கு ஒரு சொல்லும் ஏறாது எண்டு தெரிஞ்சும் ஒவ்வொரு நாளும் முன்வரிசை வாங்கில இருத்திவிடுவா. அவதான் வந்து சொன்னா, ஒரு பழைய மில் கிராமம் இருக்காம். ஒரு கால்வாய், அதின்ர கரையில தண்ணி விசையில ஓடின துணி மில், வேலைசெய்த சனம் இருந்த வரிசை வீடுகள். இப்ப மில் ஓடுறேல்லை, சனம் சும்மா பாக்கப் போகும். சனிக்கிழமை பஸ் பிடிச்சு எல்லாரும் போவம், வள்ளத்திலயும் ஏறலாம் எண்டா.

எனக்கெண்டால் சரியான சந்தோசம். வந்த நாள் துவக்கம் காம்பையும் கடைத்தெருவையும் விட்டால் நான் இந்த நாட்டில என்னத்தைக் கண்டனான்? உடன சமையலுக்குத் திட்டம் போட்டன். எலுமிச்சம்பழச் சோறு, அவிச்ச முட்டை, கத்தரிக்காய்ப் பொரியல்... இஞ்சத்தைக் கத்தரிக்காய்க்கு எங்கட கத்தரிக்காயின்ர ருசி இல்லை, அது வேற கதை.

பேந்துதான் பயம் பிடிச்சுது.

ரீச்சர் என்ன பிழை சொன்னவ? ஒண்டுமில்லை. ஒருத்தரையும் விட்டிட்டு வரவேண்டாம், கைக்குழந்தையளையும் கொண்டு வாங்கோ, விடியக்காலமை பஸ் வரும், தடிச்ச உடுப்பு எடுங்கோ எண்டா. அன்பாத்தான் சொன்னவ. ஆனா எங்கட சனம் ஒவ்வொரு சொல்லையும் பிரிச்சுப் பாத்துது. எல்லாரும்? விடியக்காலமை? பஸ்ஸில?

மார்கழியில பக்கத்து அறைக் குடும்பத்தையும் இப்பிடித்தான் விடிய வான் வந்து ஏத்திக்கொண்டு போனது. ஓல்போர்க் எண்ட ஊரில வீடு குடுத்து மாத்தினது எண்டு பிறகு தெரியவந்தது. தெரிஞ்சென்ன? அந்த வான் வெளிக்கிட்ட சத்தம் இன்னும் எங்கட காதை விட்டுப் போகேல்லை. எங்கட கேசுக்கும் பதில் வரேல்லை. இருக்க விடுவினமோ, திருப்பி அனுப்புவினமோ... ஆருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் கதை முத்திப்போச்சு. மில்லும் இல்லையாம், கால்வாயும் இல்லையாம். பஸ் நேர எயார்போட்டுக்குத்தானாம்.

ஊரில பிரச்சினை துவங்கின பிறகு எங்கட ஆக்கள் முழுக்குடும்பமா ஒரு பஸ்ஸில ஏறினதில்லை. தேப்பன் முன் பஸ்ஸில, தாய் பிள்ளையளோட பின் பஸ்ஸில. ஒண்டுக்கு ஏதும் நடந்தால் மிச்சம் ஆக்கள் இருக்கவேணும், அவ்வளவுதான் கணக்கு. இஞ்ச எங்களுக்கு வாறதோ ஒரேயொரு பஸ்.

பின்னேரம் மகன் ரஞ்சன் வந்து என்ர கட்டில் நுனியில இருந்தான். "அம்மா... ஒருத்தரும் போகாட்டிச் சந்தேகப்படுவினம். எல்லாரும் போனால்..." மிச்சத்தை விழுங்கிப்போட்டான்.

"நான் போறன்," எண்டன். "என்னை அனுப்பினால் டிக்கெட் நட்டம் அவைக்குத்தான்."

வசந்தி இப்ப எழுதுறதை நிப்பாட்டிப்போட்டா. இதைப் போடவேண்டாமாம், வாசிக்கிற சனம் என்ன நினைக்கும் எண்டு கேக்கிறா. எழுது பிள்ளை. அண்டைக்கு நீ சோத்துச் சட்டிக்கு மேல குனிஞ்சு அழுததையும் சேத்து எழுது. உப்புக் கூடிப்போச்சு.

திட்டம் இதுதான். பின்னேரம் காம்பில சாப்பாட்டு மணி அடிக்க முதல் நான் திரும்பி வரவேணும். வராட்டி ரஞ்சனும் வசந்தியும் பேத்தியைத் தூக்கிக்கொண்டு சேர்ச்சுக்கு ஓடுறது. பாஸ்டர் கதவு திறப்பார், சேர்ச்சுக்குள்ள பொலிஸ் வராது எண்டு ஒரு நம்பிக்கை. நான் சூட்கேஸ் கொண்டு போகேலாது, கண்டால் பிடிபட்டுப்போவம். அதுதான் ரெண்டு சேலை. சோறும், கொழும்பில இறக்கிவிட்டால் யாழ்ப்பாணம் போய்ச் சேருமட்டும் காணக்கூடியதாக் கட்டினன்.

சனிக்கிழமை விடிய பஸ்ஸில ஏறினால்... முழுக்கக் கிழடுகள்.

ஒவ்வொரு குடும்பமும் தன்ர தன்ர அறைக்குள்ள கதவைச் சாத்திக்கொண்டு யோசிச்சு, எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கினம். கிழவியள் எல்லாரும் ஒரே இரவில கொழுத்துப் போயிருந்தினம். மடியில பெரிய பெரிய சோத்துப் பாசல். மெல்லக் கேட்டுப் பாத்தால் சாப்பாட்டு மணிக் கணக்கும் எல்லாருக்கும் ஒண்டுதான்.

ரீச்சர் பிள்ளையளுக்கெண்டு பந்தும் பலூனும் கொண்டு வந்தவ. எங்களைப் பாத்தா, பஸ்ஸுக்கு வெளியிலயும் எட்டிப் பாத்தா, பிள்ளையள் எங்கை எண்டு கேட்டா. ஊரில ஸ்டேசன் மாஸ்டரா இருந்த ஒருத்தர் எங்களோட இருக்கிறார், இங்கிலீஸ் தெரிஞ்சவர். "எல்லாருக்கும் தடிமன், மூக்கால ஓடுது," எண்டார்.

முழுக் காம்புக்கும் ஒரே நாளில தடிமன்.

பஸ் ஓடிச்சுது. எனக்கு எழுத்துத்தான் வராது, படம் விளங்கும். ஒரு சந்தியில பிளேன் படம் போட்ட பலகை நிண்டுது. பஸ்ஸும் வேகத்தைக் குறைச்சுது. பக்கத்தில இருந்த மாஸ்டர்ர மனுசி என்ர கையை இறுக்கிப் பிடிச்சா. நான் பைபிளில இருந்து பாடமாக்கின சங்கீதம் சொல்லத் துவங்கி, பாதியில மறந்துபோய், திரும்ப முதலில இருந்து துவங்கினன். பஸ் மற்றப் பக்கம் திரும்பிச்சுது. எல்லாரும் ஒண்டா மூச்சு விட்ட சத்தத்துக்கு டிரைவர் பயந்து கண்ணாடியில பாத்தார்.

மில் உண்மையாவே இருந்தது.

என்ன வடிவான இடம் தெரியுமோ. செங்கல்லுக் கட்டிடம், ஆளுயரத்துக்கு மேல தண்ணி விசையில சுத்தின சில்லு, கண்ணாடி மாதிரிக் கால்வாய்த் தண்ணி. வள்ளத்தில ஏறினன். மாஸ்டர் பலூனை ஊதி வெடிக்கவைச்சார். ஆனாலும் ஒரு கண் மில்லில, ஒரு கண் பஸ்ஸில. ஆம்பிளையள் முறைபோட்டு பஸ்ஸடியில நிண்டவை.

வெளிக்கிடுற நேரம் பாத்து ரீச்சர் கேக்கும் கோப்பியும் ஒழுங்கு பண்ணியிருக்கிறா. அந்த வரிசை வீடொண்டில மேசை போட்டு, பூவும் வைச்சிருக்கு. நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தம். கேக் சாப்பிட்டு முடிக்கேக்குள்ள அங்கை மணி அடிச்சிடும். பிள்ளையள் ஓடியிடுங்கள். மாஸ்டருக்கு வேற வழி தெரியேல்லை, உள்ளதை உள்ளபடி சொல்லிப்போட்டார். தடிமன் இல்லை எண்டதையும், எங்களை ஏன் அனுப்பினவை எண்டதையும், மணிக் கணக்கையும்.

ரீச்சர் கோப்பையை மெல்ல வைச்சா. கோவிக்கேல்லை. அவ சொன்னதை மாஸ்டர் தமிழில சொன்னார்:

"உங்களைத் திருப்பி அனுப்பமாட்டினம் எண்டு நான் சொல்லேலாது. அது என்ர கையில இல்லை. இண்டைக்கு மணி அடிக்க முதல் கொண்டுபோய் விடுவன். அதைச் சொல்லலாம்."

எனக்கு மனுசியை அப்பதான் முழுசாப் பிடிச்சுது. பயப்பிடாதேங்கோ, ஒண்டும் நடக்காது எண்டு சொல்ல எத்தினை பேர் வந்தவை? நடந்ததெல்லாம் அவை சொல்லிப்போட்டுப் போன பிறகுதானே...

கேக்கைப் பெட்டியோட பஸ்ஸில ஏத்தினா. டிரைவரிட்டை என்னவோ சொன்னா, அந்தாள் பறந்தார்.

காம்ப் வாசலில சனம் நிண்டுது. கோட்டுப் போட்டு, சப்பாத்துக் கட்டி, தோளில பை. ரஞ்சன்ர முதுகில பேத்தி. மணி இன்னும் அடிக்கேல்லை. ஒருத்தரும் கிட்ட வரேல்லை. நிண்ட இடத்திலயே நிண்டு, இறங்க இறங்க எங்களை எண்ணிச்சினம். கடைசிக் கிழவி இறங்கின பிறகுதான் வசந்தி பையைக் கீழ வைச்சா. ரீச்சர் பஸ் படியில நிண்டு எல்லாத்தையும் பாத்தா. தடிமன் எப்பிடி எண்டு ஒருத்தரையும் கேக்கேல்லை.

அடுத்த மாசம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறாவாம். இந்த முறை பிள்ளையளோட போனால் என்ன எண்டு சனம் மெல்லக் கதைக்கத் துவங்கியிருக்கு. நான் ரஞ்சனிட்டைச் சொல்லிப்போட்டன், கடற்கரையையும் நம்பேலாது தம்பி, முதல்ல நாங்கள் போய்ப் பாத்திட்டு வாறம் எண்டு.

பயம் முழுக்கத் தெளிஞ்சுதெண்டால் எங்களைப்போலக் கிழடுகளுக்கு பஸ்ஸில ஆர் சீற் தரப்போகினம்?