‘ம்’முக்குப் பதில் ‘ன’

பல் டாக்டரம்மா, அவருக்கு உதவும் பெண், என் மனைவி, நான். அறையில் அவ்வளவுதான்.

சாலை பஜாரில் அரிசி மூட்டை தூக்கும்போது பல்லைக் கடிப்பேன். கடித்துக் கடித்துத் தாடை இறுகிவிட்டது. வாய்க்குள் ஒரு விரல்தான் நுழைந்தது. ஒரு மாதமாகக் கஞ்சி குடித்தேன். மனைவியும் வேறெதுவும் சாப்பிடவில்லை.

“இவிய சும்மா இருக்கும்போதும் கடிப்பாவ. என்ன கேட்டாலும் ‘ம்’தான் பதில்,” என்றாள் அவள்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். “‘ம்’ வேண்டா. ‘ன’ன்னு சொல்லி, நாக்கை அங்கேயே நிறுத்தணும். அப்போ மேல் பல்லும் கீழ் பல்லும் தொடாது, கேட்டோ. மூணு விரல் நுழைஞ்சா சரியாச்சு.”

வீட்டில் மனைவி வெந்நீரில் துணி நனைத்துத் தாடைக்கு ஒத்தடம் கொடுத்தாள். நான் பல்லைக் கடித்தால் “ன” என்பாள். ஒரு நாள் அவள் ஏதோ சொல்ல, நான் “என்ன?” என்று கேட்டுவிட்டேன்.

“கல்யாணம் ஆகி இப்பத்தான் திருப்பிக் கேக்கிய,” என்று சிரித்தாள்.

இன்று காலை புட்டும் கடலையும் செய்திருந்தாள்.

“முதல்ல விரல வச்சுப் பாருங்க. இல்லேன்னா ரெண்டு பேருக்கும் கஞ்சிதான்.”

வைத்துப் பார்த்தேன்.

மூன்று விரல்.